பண்டிகைச் சுமையும் முதுகெலும்பும்

தீபாவளிக்கு மூன்று வாரங்கள் இருக்கையிலேயே ஆண்டாப் ஹில்லில் பண்டிகை தொடங்கிவிடுகிறது. அரசாங்கக் குடியிருப்புகளின் மாடிப்படிகளில் பழைய பாய்களும் டிரங்குப் பெட்டிகளும் இறங்குகின்றன. பரண்மேல் ஓராண்டாக உறங்கிக் கிடந்த அண்டாவும் இருப்புச் சட்டியும் கண் விழிக்கின்றன. கோலிவாடாச் சந்துகளில் முறுக்கு மாவின் மணம் கிளம்புகிறது. தாராவியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? முறுக்குச் சுற்றுவது அங்கே பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பண்டிகைப் பலகாரம் மட்டுமன்று. ஆண்டு முழுவதும் பிழைப்பே அதுதான். கும்பார்வாடாவில் அகல் விளக்குகள் மலைபோல் குவிகின்றன. மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கூடைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை.

இவற்றோடு இன்னொன்றும் தொடங்குகிறது. அதற்குப் பட்டாசுமில்லை, விளம்பரமுமில்லை. அடுத்த வீட்டில் “அம்மா!” என்று ஒரு குரல் கேட்கும். போய்ப் பார்த்தால், பரணிலிருந்து அண்டாவை இறக்கிய கையோடு அந்த வீட்டு அம்மாள் பாதி குனிந்தபடியே நின்றிருப்பார். நிமிரவும் முடியாது, உட்காரவும் முடியாது. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்போம். தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பை வைத்து, “பண்டிகை கழியட்டும், பார்த்துக்கொள்வோம்” என்று விட்டுவிடுவோம். பண்டிகை கழியும், வலி கழியாது.

இதை எழுத நாம் வைத்தியரல்லர். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் பேனா பிடிப்பவர். எனினும் பண்டிகைக் காலத்தில் மூட்டைகளையும் அவற்றைச் சுமக்கும் முதுகுகளையும் அன்றாடம் பார்க்கும் உத்தியோகம் நம்முடையது. போதாக்குறைக்கு, நாமே ஒரு முறை பட்டும் தெளிந்தோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பினோம். திருநெல்வேலிச் சீமையில் தாயார் தனியே இருக்கிறார். புறப்படும் வேளையில் சாக்கு ஒன்றைக் கட்டி வாசலில் வைத்தார். “நம்ம வயக்காட்டு நெல்லு குத்துன அரிசியா. முப்பது கிலோ இருக்கும். எடுத்துட்டுப் போய்யா” என்றார். “மாட்டுங்காவில் அரிசி கிடைக்காதா அத்தை?” என்று நம் இல்லாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தாய் கொடுக்கும் அரிசியை வேண்டாமென்று எவன் சொல்வான்? ஒன்றரை நாள் பிரயாணம். அவ்வளவு நேரமும் உட்கார்ந்தும் படுத்தும் உடம்பு விறைத்திருந்தது. தாதர் வந்தது. வண்டி அங்கே முடிவதன்று. சில நிமிஷமே நிற்கும். பின்னால் இருப்பவர்கள் நெருக்க, படுக்கைக்கு அடியில் கிடந்த சாக்கைக் குனிந்து, ஒரு கையால் பற்றி, உடம்பை முறுக்கி, வெடுக்கென இழுத்தோம். இடுப்பில் ஏதோ சாவி திரும்பியது போலிருந்தது. அவ்வளவுதான். சாக்கை இல்லாள் இறக்கினாள். நம்மையும் அவளே இறக்கினாள்.

பதினெட்டு நாள் விடுப்புப் போயிற்று. அது பெரிதன்று. அந்தப் பதினெட்டு நாளும் தண்ணீர்க் குடம், காஸ் உருளை, கடைச் சாமான், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பை எல்லாம் அவள் தலையில் விழுந்தன. நாம் எழுந்து நடமாடத் தொடங்கிய வாரத்தில் அவள் படுத்தாள். நமக்கு நேர்ந்தது தீர்ந்துவிட்டது. அவளுக்கு இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் முதுகு மடங்கினால் அந்தச் சுமை காற்றில் மறைந்துவிடுவதில்லை. அடுத்தவர் முதுகில்தான் ஏறுகிறது. இந்தக் கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அதுவே.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கண்ணி கண்ணியாகக் கோத்த தொடர். அசையும் கண்ணிகள் இருபத்துநான்கு. கழுத்தின் உச்சியிலுள்ள ஓரிடம் நீங்கலாக, இரண்டிரண்டு கண்ணிகளுக்கு நடுவே மெத்தைபோல் ஒரு வட்டு உண்டு. வெளியே நார் வளையங்கள். உள்ளே நுங்கின் சதைபோல் ஒரு கூழ். நிமிர்ந்து நிற்கும்போது அந்த மெத்தை பாரத்தைச் சமமாக வாங்கிக்கொள்கிறது. முன்னே குனியும்போது ஒரு பக்கம் நசுங்குகிறது. குனிந்தபடியே உடம்பைத் திருப்பினால், நசுங்குவதோடு முறுக்கவும் படுகிறது. முதுகு வலி எல்லாம் வட்டிலிருந்தே வருவதென்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலான வலிக்கு இன்ன இடந்தான் காரணமென்று வைத்தியர்களாலும் சுட்டிக் காட்ட முடிவதில்லை. தசை, தசைநார், மூட்டு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் பாரம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை அளந்திருக்கிறார்கள்.

ஸ்வீடன் தேசத்து நாகெம்சன் என்ற எலும்பு வைத்தியர் 1960களில், உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தைக் கண்டறிந்தார். 1999ல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்கே என்பவரும் அவர் குழுவினரும், தாமாக முன்வந்த ஒருவரின் முதுகில் நுண்ணிய கருவி ஒன்றைப் பொருத்தி, இருபத்துநான்கு மணி நேரம் அவர் செய்த ஒவ்வொரு செயலையும் அளந்து வெளியிட்டனர். சும்மா நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 1 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கையில் அது ஐந்தில் ஒரு பங்கே. 20 கிலோவை முதுகு வளையக் குனிந்து தூக்கும்போது நாலரை மடங்குக்கு மேல். அதே 20 கிலோவை முழங்கால் மடக்கித் தூக்கினால் மூன்றரை மடங்குக்குள். தூக்கியதை மார்போடு அணைத்துப் பிடித்தால் இரண்டு மடங்கும் சிறிதும். கையை நீட்டி இரண்டு அடி தள்ளிப் பிடித்தாலோ மறுபடியும் மூன்றரை மடங்கு! ஒரே மனிதரிடம் எடுத்த அளவுதான். எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்பதில்லை. எனினும் எடையைவிட, அந்த எடை உடம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே பெரிதென்பது இதனால் விளங்கும்.

அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 1991ல் வகுத்த கணக்கும் இதையே சொல்கிறது. எல்லா வசதியும் பொருந்தியிருக்கையில், உடம்போடு ஒட்டித் தூக்கும் சுமைக்கு அவர்கள் வைத்த வரம்பு 23 கிலோ. சுமை இருக்கும் தூரம் இருமடங்கானால் வரம்பு பாதியாகிவிடும். நம் வீட்டுக் காஸ் உருளையில் வாயு 14.2 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அவ்வளவே, ஆக 30 கிலோவை நெருங்குகிறது. இதைப் பெண்மணிகள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடியேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். தரையில் அதைத் தூக்கவே வேண்டியதில்லை. சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிச் செல்லலாம். மாடிக்குக் கொண்டுவந்து வைப்பது கொண்டுவருபவர் கடமை. அவரை வாசலிலேயே அனுப்பிவிடுவது தாட்சணியம். அந்தத் தாட்சணியத்தை முதுகு தாங்காது.

இனிக் காலைத் தண்ணீர். தான்ஸா ஏரியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் ஓடிவரும் தண்ணீர், கடைசி இருபது படிகளை மட்டும் நம் முதுகின்மேல் ஏறிக் கடக்கிறது. பல சந்துகளில் குழாய் விடிவதற்கு முன்பே திறந்துவிடும். சில மணி நேரமே ஓடும். கண் விழித்ததும் குடத்தைத் தூக்குவதுதான் வழக்கம். ஆனால் உடம்பின் கணக்கில் அதைவிடக் கெட்ட வேளை வேறில்லை. இரவு முழுவதும் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி நிற்கின்றன. காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே உயரமாக இருக்கிறோம் என்றால் சிலர் நம்பமாட்டார்கள். சுவரில் கோடு கிழித்துப் பார்க்கலாம். அப்படி உப்பிய வட்டு குனியும்போது அதிகம் விறைக்கிறது. நாள்பட்ட முதுகு வலிக்காரர்களை, எழுந்து முதல் இரண்டு மணி நேரம் குனியாமலிருக்கப் பழக்கியதில், வலியுள்ள நாட்கள் குறைந்தன என்று 1998ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று.

குழாய் நமக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்காது என்பதை அறிவோம். ஆனால் பத்து நிமிஷம் முன்னதாக எழுந்து, வாசலில் நாலு தடவை நடந்து, பிறகு குடத்தைத் தொடலாம். பெரிய குடம் ஒன்றை ஒரு பக்க இடுப்பில் வைப்பதைவிட, சிறிய வாளி இரண்டை இரு கையிலும் தொங்கவிடுவது மேல். ரப்பர்க் குழாய் எட்டுமானால் டிரம்மைக் குழாயடிக்குக் கொண்டுபோகாமல் குழாயை டிரம்முக்குக் கொண்டுவரலாம். டிரம்மின் அடியிலிருந்து தண்ணீர் மொள்ளத் தலைகீழாகக் குனிவதற்குப் பதில், அடியில் ஒரு திருகு குழாய் வைத்து, நாலு செங்கல்மேல் டிரம்மை ஏற்றிவிட்டால் ஆண்டு முழுவதும் சௌகரியம். செலவும் அதிகமன்று.

தீபாவளியன்றோ இந்தக் கஷ்டம் இரட்டிக்கிறது. நரக சதுர்த்தசி ஸ்நானம் விடியுமுன் ஆகவேண்டும். மூன்றரை மணிக்கு எழுந்து, முன்னிரவு பன்னிரண்டு மணி வரை பலகாரம் சுட்ட அதே பெண்மணி, கொதிக்கும் நீர் நிறைந்த பாத்திரத்தைக் கை நீட்டித் தூக்குகிறாள். சுடும் என்பதால் உடம்போடு அணைக்கவும் வழியில்லை. முழுப் பாத்திரத்தைத் தூக்காமல் செம்பினால் மொண்டு ஊற்றினால் போதும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்பீர்கள். சொல்லவேண்டியது வீட்டு ஆண்களுக்கு. கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்று கேட்பதோடு நில்லாமல், வெந்நீரைத் தாமே மொண்டு வைக்கட்டும். தீபாவளி லேகியம் தின்ற பலகாரத்தைச் செரிக்கச் செய்யும். சுட்டவளின் இடுப்புக்கு அது மருந்தாகாது.

முறுக்கு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுவோம். தரையில் உட்கார்ந்து, அடுப்பின் பக்கம் சாய்ந்து, நாழியை இரு கையாலும் நெருக்கிப் பிழிவதில் தோளும் கழுத்தும் இடுப்பும் ஒருங்கே வருந்துகின்றன. மாவு கெட்டியாயிருந்தால் வருத்தம் இன்னும் அதிகம். உயரமான மேடையில் அடுப்பு இருந்தால் நின்றுகொண்டு பிழிவது நல்லது. உடம்பின் பாரமே நாழியை அமுக்கும். நாழியில் முக்கால் அளவே மாவு நிரப்பினால் பிழிவது எளிது. முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து, இடுப்பில் கை ஊன்றிச் சற்றுப் பின்னால் வளைந்து நிற்க வேண்டும். விற்பனைக்குச் சுற்றும் குடும்பங்களில் பிழிபவரும் சுடுபவரும் இடம் மாறிக்கொள்வதுண்டு. அது அனுபவத்தால் வந்த அறிவு. நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்களிடம் கற்கவேண்டியது. நாளொன்றுக்கு நாலு மணி நேரமாகப் பத்து நாள் செய்யலாம். பண்டிகைக்கு முந்திய இரண்டு நாளில் பதினாறு மணி நேரமாகச் செய்வதே ஆபத்து. பரண் சாமானை இறக்குவதும் அப்படியே. ஏணியோ உறுதியான முக்காலியோ போட்டுப் பாத்திரத்தின் உயரத்துக்கு நாம் ஏறவேண்டும். கீழே ஒருவர் நின்று வாங்கவேண்டும்.

இப்போது நம் இலாகாவுக்கு வருவோம். முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் தொடங்கியது. 1-11-2024 முதல் 60 நாளாயிற்று. கீழ்ப் படுக்கை கேட்க மறந்தாலும், அறுபது வயதான ஆடவருக்கும் நாற்பத்தைந்து வயதான மாதருக்கும், காலி இருக்குமாயின் கீழ்ப் படுக்கையே ஒதுக்கப்படுகிறது. எனவே வயதைச் சரியாக எழுதுங்கள். வயதைக் குறைத்துச் சொல்லும் அம்மையார்கள் மேல் படுக்கைக்கு ஏறவேண்டி வரும்! சாதாரணப் படுக்கை வகுப்பில் ஒருவருக்கு இலவசமாக அனுமதிக்கப்படும் மூட்டை 40 கிலோ. அனுமதி உண்டு என்பதாலேயே நாற்பதையும் நிரப்பவேண்டும் என்று சட்டமில்லை. கூடுதல் மூட்டையை, வண்டி புறப்படக் குறைந்தது அரை மணிக்கு முன் லக்கேஜ் ஆபீசில் பதிவு செய்து பிரேக் வானில் அனுப்பிவிடலாம். கட்டணத்துக்கு அஞ்சி முதுகைப் பணயம் வைப்பவர் பலர்.

பண்டிகை நெரிசலில் துணைக்கு ஆள் வருவார் என்று நம்பியிருக்கவும் கூடாது. 27-10-2024 அன்று பாந்த்ரா டெர்மினஸில் கோரக்பூர் வண்டிக்கு முண்டியடித்த கூட்டத்தில் பலர் காயமுற்றனர். உடனே மும்பையின் பெரிய ஸ்டேஷன்கள் பலவற்றில் பிளாட்பாரச் சீட்டு விற்பனை சில நாள் நிறுத்தப்பட்டது. வழியனுப்ப வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டால், மூட்டை முழுவதும் பிரயாணியின் கையில். ஆகவே ஒவ்வொரு பெட்டியும், குடும்பத்தில் அதைத் தூக்கவேண்டியவர் தனியே தூக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வீட்டிலேயே தூக்கிப் பத்தடி நடந்து பாருங்கள். சக்கரப் பெட்டியை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் அது குழந்தைபோல் கூடவே ஓடி வரும். மேம்பாலப் படிக்கட்டில் கல்லாகிவிடும்.

சிவப்புச் சட்டைச் சகோதரர்களை அமர்த்திக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. 2016ம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்குச் ‘சகாயக்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறினாலும் பாரம் மாறவில்லை. அவர்கள் தூக்குவதைக் கவனியுங்கள். குட்டையாகக் குந்தி, ஒருவர் கை கொடுக்க, தலையில் ஏற்றி, சுருட்டிய துணியின்மேல் நேராக நிறுத்தி, பிறகே எழுந்து நடக்கிறார்கள். நம் ஊர்ச் சும்மாடுதான் அது. தலைச்சுமைக்கு மராட்டியில் பெயர் பெற்ற தொழிலாளர் மாத்தாடிகள். ‘மாத்தா’ என்றால் தலை. அவர்களுக்கென்றே மகாராஷ்டிரம் 1969ல் தனிச் சட்டம் செய்தது. அதற்கு இரண்டாண்டு முன், 1967ல், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்று பரிந்துரைத்தது. தலைச்சுமையும் கழுத்தை வருத்துவதே. பழகாதவர் அதை மேற்கொள்ளவேண்டாம்.

சுமையை ஏற்றுவதைவிட இறக்குவதே கடினம் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்ட இரு கல்லின்மேல் குறுக்கே ஒரு கல். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக வைப்பது அது. வழிப்போக்கர் தலைச்சுமையைக் குனியாமல், பிறர் துணையின்றி, அதன்மேல் தள்ளி இளைப்பாறலாம். அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நம் குடியிருப்பு மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பளவில் ஒரு திண்டு இருந்தால் எத்தனை முதுகு பிழைக்கும்! கட்டடம் கட்டுபவர்களுக்கு அந்த நினைவு வருவதில்லை. அதுவரை கீழ்த்தளத்தில் ஒரு ஸ்டூலாவது போட்டு வைக்கலாம். சங்கமே செய்யத்தக்க காரியம்.

‘நிமிர்ந்த முதுகு, மடக்கிய கால்’ என்ற பாடத்தை மட்டும் கற்பித்தால் வலி குறைந்துவிடும் என்பதற்கு ஆராய்ச்சிகளில் சான்று கிட்டவில்லை. ஆகவே மூட்டையைச் சிறிதாக்குவதும், உடம்பை ஆண்டு முழுவதும் பழக்கி வைப்பதுமே நமக்கு உசிதமாகப்படுகிறது. இடுப்பில் கட்டும் பட்டையும் அப்படியே; வலியில்லாதவர் வருமுன் காக்கவென்று அதை அணிவதை அமெரிக்க நிறுவனம் 1994லேயே ஆதரிக்கவில்லை. நடையே சிறந்த காப்பு. ஆஸ்திரேலியாவில், முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் படிப்படியாக நடைக்குப் பழக்கினர். நடந்தவர்களுக்கு வலி திரும்ப நடுத்தரமாக 208 நாள் ஆயிற்று. நடவாதவர்களுக்கு 112 நாள். 2024ல் லான்செட் பத்திரிகையில் வந்தது இது. மாலையில் மலையடிவாரத்திலிருந்து வடாலா வரை நடக்கக் காசு வேண்டாம்.

பிடித்துக்கொண்டுவிட்டால் என் செய்வது? நமக்கு நேர்ந்தபோது, கால் முதலாகப் பிறந்த பையன் ஒருவனைத் தேடிப்பிடித்து அழைத்துவந்து இடுப்பை மிதிக்கச் செய்தார்கள். அவன் வெட்கத்தோடு மெல்ல மூன்று முறை பாதத்தால் தொட்டான். பத்து நாளில் குணம் தெரிந்தது. பையன்தான் குணப்படுத்தினான் என்று அண்டை வீட்டார் இன்றும் சொல்வர். பெரும்பாலான பிடிப்புகள் சில வாரங்களில் தாமே தணிவன. இடையில் யார் தொட்டாலும் புகழ் அவருக்கே. பாதம் படுவதில் தீங்கில்லை; ஏறி நின்று மிதிப்பதும், சுளுக்கென்று முறுக்கி உதறுவதும் கூடவே கூடாது. நாம் செய்த பெரும் பிழை, அந்தப் பதினெட்டு நாளில் பெரும்பகுதியைக் கட்டிலிலேயே கழித்ததுதான். ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை ஆகாதென்றும், வலி பொறுக்குமளவு நடமாடுவதே விரைவில் தேற்றுமென்றும் பின்னர் வைத்தியர் கடிந்துகொண்டார். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். வலி மாத்திரையைக் கடையில் தாமே வாங்கி நாள்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சில குறிகளை மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கால் மரத்துத் தளர்தல், மலஜலம் அடக்கமுடியாமை அல்லது சிறுநீர் கட்டிக்கொள்ளுதல், ஆசனப் பகுதியில் உணர்வின்மை, விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றுக்கு உடனே சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பண்டிகை என்று பார்க்கக்கூடாது. மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, எடை குறைதல் இவற்றோடு கூடிய முதுகு வலி க்ஷயரோகமாகவும் இருக்கலாம். அது நுரையீரலை மட்டும் பற்றுவதன்று; முதுகெலும்பையும் அரிக்கும். காலத்தில் கண்டால் மருந்தினாலேயே குணமாகும். நெருக்கமாக வாழும் நம் பகுதிகளில் இதை ‘வாயுப் பிடிப்பு’ என்று ஆறு மாதம் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவோர் உண்டு.

சென்ற பொங்கலுக்கும் ஊர் சென்றிருந்தோம். புறப்படும் நாளில் தாயார் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த பைகள் ஆறைத் திண்ணையில் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் அஞ்சு கிலோ. “முப்பதும் முப்பதுதான்யா, குறைக்கல” என்றார். தாதரில் இறங்குகையில் நம் கையில் இரண்டு, இல்லாள் கையில் இரண்டு, பையன் கையில் ஒன்று. ஆறாவதை எதிர்ப் படுக்கையிலிருந்த பெரியவர் ஜன்னல் வழியே நீட்டினார்.